துரைக்குக் கொடுத்த கை

எலும்பு எடுக்கும் நாளில் அழக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். அதனால் அரேத்தி அன்று காலை முகத்தை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு, ஏதோ திருமணத்துக்குப் புறப்பட்டவள் போல வந்தாள். தோளில் மண்வெட்டி. இடுப்பில் கூடை. கூடைக்குள் ஒரு ஜாடி சிவப்புத் திராட்சை ரசம், துவைத்து மடித்த வெள்ளைத் துணி, வந்தவர்களுக்குக் கொடுக்க வேகவைத்த கோதுமை.

"வாங்கக்கா, வெயில் ஏறதுக்கு முன்னாடி முடிச்சிடலாம்" என்றாள்.

செத்தவரை மூன்று வருஷம் மண்ணில் வைப்போம். சதை கரைந்ததும் எலும்பைத் தோண்டி எடுத்து, ரசத்தில் கழுவி, கோயில் எலும்பறையில் அடுக்கிவிடுவோம். அப்போதுதான் போனவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். கரையாமல் கிடந்தால் அது வேறு விஷயம். அதை நாங்கள் வாயால் சொல்வதில்லை.

நான் இந்த ஊர்ப் பாதிரியாரின் மனைவி, அந்தூசா. எங்கள் பாதிரியார்களுக்குப் பெண்டாட்டி உண்டு. கடல் தாண்டி வந்து எங்கள் மோரியா நாட்டைப் பிடித்துக்கொண்ட பரங்கித் துரைமார்களுக்கு அது பெரிய வேடிக்கை. அவர்கள் பாதிரியார்களுக்குப் பெண்டாட்டி கிடையாது, பிள்ளைகள் மட்டும் உண்டு. போகட்டும், அந்தக் கதை எதற்கு.

கல்லறைத் தோட்டம் கோட்டை மலையின் அடிவாரத்தில் இருந்தது. கோட்டையில் ஆள் கிடையாது. அதை ஆண்ட ரெனியே துரை பிள்ளையில்லாமல் செத்தார். அவருடைய அண்ணன் மகன்தான் வாரிசு. பரங்கிச் சட்டப்படி, குறித்த கெடுவுக்குள் அவன் தன் நாட்டிலிருந்து வந்து சொத்தைக் கேட்டிருக்க வேண்டும். வரவில்லை. ஆந்திரவிதா பட்டணத்தில் இருக்கும் பெரிய பிரபு கோட்டையை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டி, சாவியைப் பெரின் கையில் கொடுத்துவிட்டு மறந்துபோனார். பெரின் அரைப் பரங்கி. அப்பன் துரையிடம் வில் பிடித்தவன், அம்மா எங்கள் ஊர்க்காரி. இரண்டு பக்கமும் அவனுக்குச் சோறு போடும், மரியாதை தராது.

அரேத்தியின் புருஷன் ஸ்தமாத்தி அந்தக் கோட்டை மதிலில் காவல் நின்றவன். அதற்கு ஈடாகத் துரை அவனுக்கு ஆற்றங்கரையில் ஒரு திராட்சைத் தோட்டம் கொடுத்தார். கொடுத்த அன்று ஊரே கோட்டை முற்றத்தில் நின்று பார்த்தது. ஸ்தமாத்தி இடுப்புப் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுந்தலையோடு மண்டியிட்டு, இரண்டு கைகளையும் கூப்பித் துரையின் கைகளுக்கு நடுவே வைத்தான். துரை அதை அப்படியே பொத்திக்கொண்டார். அன்று முதல் அவன் துரையின் ஆள்.

சாகக் கிடந்தபோது துரை அவனை மறுபடியும் கூப்பிட்டுக் கையை வாங்கினாராம். "என் வாரிசு வந்து இந்தக் கையை வாங்குகிற வரைக்கும் மதிலை விட்டு இறங்காதே" என்றாராம். துரையின் உடல் ஆறுமுன் மற்ற காவல்காரர்கள் எல்லாம் ஓடிவிட்டார்கள். இந்த மடையன் மட்டும் நின்றான். மடையன் என்று நான் பாசமாகத்தான் சொல்கிறேன். அந்தக் குளிர்காலத்தில் பனி கொட்டியது. காய்ச்சலோடு நின்றே செத்தான்.

அதற்குப் பிறகு தினமும் பொழுது சாயும் நேரத்தில் பூட்டிய கோட்டையிலிருந்து ஒரு குரல் வரும்.

"மதில் பத்திரம்!"

காற்று என்றோம். ஆந்தை என்றோம். பெரின் குடித்துவிட்டுக் கத்துகிறான் என்றுகூடச் சொன்னோம். அரேத்தி மட்டும் எதுவும் சொல்லமாட்டாள். அந்த நேரத்தில் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு, குரல் ஓயும் வரை அசையாமல் உட்கார்ந்திருப்பாள்.

சரி, தோண்டிய கதைக்கு வருகிறேன்.

புருஷனின் குழியை அவளேதான் தோண்டினாள். என் வீட்டுக்காரர் சாம்பிராணியைப் புகைத்துக்கொண்டு ஜெபம் சொன்னார். முதலில் மண்டையோடு வந்தது. நல்ல மஞ்சள் நிறம், சுத்தமாக இருந்தது. அரேத்தி அதை எடுத்து முத்தமிட்டு, ரசம் ஊற்றிக் கழுவித் துணியில் வைத்தாள். "பாத்தீங்களாக்கா, தங்கமாட்டம் இருக்கு" என்று சிரித்தாள். பிறகு தோள், விலா, முதுகு. எல்லாம் பொலபொலவென்று மண்ணோடு வந்தன. எனக்கு மனசு லேசாகிவிட்டது. மதியச் சமையலுக்குக் கீரை பறிக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

அப்போது வாசனை வந்தது.

அழுகல் இல்லை. எண்ணெய் தடவிய இரும்பின் வாடை, அணைந்த மெழுகுவர்த்தியின் வாடை. மூடிக் கிடக்கிற பெரிய வீட்டுக்குள் நுழைந்தால் வருமே, அந்த மாதிரி.

அரேத்தி விரலால் மண்ணை விலக்கினாள். கை நின்றுவிட்டது.

மணிக்கட்டு வரை வெறும் எலும்பு. அதற்கு அப்பால் இரண்டு கைகள். தோலும் சதையும் நரம்புமாக, முழுசாக. கட்டைவிரலில் கவாத்துக் கத்தி வெட்டிய பழைய தழும்புகூட அப்படியே இருந்தது. உள்ளங்கையோடு உள்ளங்கை ஒட்டிக் கூப்பியிருந்தன.

"சூடா இருக்குக்கா" என்றாள் அரேத்தி, மெதுவாக.

என் வீட்டுக்காரர் தூபக்கலசத்தைக் கீழே போட்டுவிட்டார். போட்டதும் அவருக்கு வந்த கோபம் என் மேல் பாய்ந்தது. "கைக்கட்டு! பொணத்தோட கைக்கட்டை அவுக்காம பொதைச்சிட்டீங்களா? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

"யோவ், கட்டை அவுத்தது நானு. கால்கட்டு, கைக்கட்டு, தாடைக்கட்டு, எல்லாத்தையும் இந்தக் கையால அவுத்தேன். நீங்க அன்னிக்குச் சளி புடிச்சிக்கிட்டு மூக்கை உறிஞ்சிட்டிருந்தீங்க. கயிறு எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்!"

கயிறு இல்லை. அவருக்கும் தெரிந்தது. பாவமன்னிப்பு ஜெபத்தை மூன்று முறை சொன்னார். ரசத்தை ஊற்றினார். அது தாமரையிலைத் தண்ணீர் மாதிரி ஒட்டாமல் உருண்டு ஓடியது. அந்தக் கைகளைப் பிரிக்கப் பார்த்தார். ஒரு முடி நுழையக்கூட நடுவில் இடமில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாமி கும்பிடுகிற கை இல்லை அது. நாங்கள் சிலுவைக்கு முன் அப்படிக் கை கூப்புவதே இல்லை. முற்றத்தில், துரைக்கு முன்னால் மண்டியிட்டுக் கூப்பிய கை.

"இன்னும் அந்தாளு புடிச்சிட்டிருக்கான்" என்றாள் அரேத்தி. அவளும் அதையேதான் நினைத்திருக்கிறாள்.

மேலே கோட்டை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெரின் மெல்ல இறங்கி வந்தான். குழிக்குள் எட்டிப் பார்த்தான். எப்போதும் நக்கலாகப் பேசுகிறவன், அன்று வாயைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"எனக்குத் தெரியும்" என்றான். "மேல மண்டபத்துல நாற்காலி இன்னும் காலியில்ல. அதனாலதான் நான் வெளிக்கதவோட நின்னுக்குவேன்."

"இவரு கை பிரியணும். அதுக்கு வழி சொல்லு" என்றாள் அரேத்தி.

"துரையோட வாரிசு வந்து இந்தக் கையை வாங்கியிருக்கணும். அவன் வரல. இன்னொரு வழி இருக்கு. செத்தவனோட வாரிசு போயி, அவனுக்குப் பதிலா கை குடுக்கணும். அதான் மொறை. குடுத்தா இவன் விடுபட்டுருவான்."

ஸ்தமாத்திக்குப் பிள்ளை இல்லை. தோட்டத்தை ஆள்கிறவள் அரேத்திதான். நாங்கள் மூன்று பேரும் அவளைப் பார்த்தோம்.

என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "ஒரு சடங்குதானம்மா. கை குடுத்துட்டா அவன் ஆத்மா சாந்தியாயிடும்…"

"அப்புறம் இவ செத்தா இவ கையும் இப்படிக் கெடக்கும்! இவளுக்குப் பதிலா யாரு, நீங்க போயிக் குடுப்பீங்களா?" என்று கத்தினேன்.

அரேத்தி குழியின் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கைகளில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு பெரினை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு அறுவடை காலத்துல ஒரு குதிரைக்காரப் பரங்கி துரையோட சண்டை போட்டானே, ஞாபகம் இருக்கா? ஒரு துரும்பை உடைச்சு அந்தாளு மூஞ்சியில எறிஞ்சான். 'இனி நான் உன் ஆளு இல்ல'ன்னான். துரைக்குக் கண்ணெல்லாம் செவந்துபோச்சு. ஆனா ஒண்ணும் செய்யல. அவன் பாட்டுக்குக் குதிரையேறிப் போயிட்டான்."

பெரினின் முகம் வெளுத்தது. "ஏம்மா, அது அவங்களுக்குள்ள. வாள் கட்டினவன் செய்யலாம். நம்ம சனம் செய்யக் கூடாது. நமக்கு அந்த உரிமை கெடையாது."

"இவரு வாளு கட்டலியா? சம்பளம் இல்லாம நின்னாரு. பனியில நின்னாரு. செத்தும் நின்னாரு. எந்தக் குதிரைக்காரன்டா இப்படி நின்னான்? கை குடுக்க மட்டும் எங்களுக்கு உரிமை இருக்கும், எடுக்க இருக்காதாமா?"

"தோட்டத்தைத் திருப்பிக் குடுக்கணும்" என்றான் பெரின். அவளைத் தடுக்க அவனிடம் மிச்சமிருந்தது அதுதான். "கையை எடுத்தா நெலத்தையும் விட்டுடணும். ஒரு செடிகூட உனக்கு இல்ல."

அவளுக்கு இருந்ததே அந்தத் தோட்டம்தான். குளிர்காலம் முழுக்க ஒற்றையாளாகக் கவாத்து செய்து, எரு போட்டு, அப்போதுதான் கொடியெல்லாம் தளிர்விட்டிருந்தது. எழுந்து ஆற்றங்கரைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். காய்ந்த கொடிக்குச்சி ஒன்றை ஒடித்தாள். ஒரு பிடி மண்ணை அள்ளி முந்தானையில் முடிந்தாள். அங்கேதான் அழுதாள். எலும்புக்கு முன் அடக்கி வைத்ததெல்லாம் தளிர்களுக்கு முன் வந்தது. நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்து அந்தக் கைகளைக் குழியிலிருந்து தூக்கினாள். மணிக்கட்டு எலும்பிலிருந்து தானாகக் கழன்று வந்தன. வெள்ளைத் துணியில் சுற்றி, பச்சைக் குழந்தையை எடுப்பதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

என் வீட்டுக்காரருக்குத் திடீரென்று முழங்கால் வலி வந்துவிட்டது. "நீங்க இங்கயே இருங்க சாமி, எலும்பைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு நான் அரேத்தியோடு மலை ஏறினேன்.

நாங்கள் கோட்டை வாசலுக்குப் போனபோது உச்சி வெயில். எங்கள் பக்கத்தில் ராத்திரியைவிட உச்சிப்பொழுதுக்குத்தான் பயப்படுவோம். நிழல் காலுக்குள் ஒளிந்துகொள்ளும் நேரம் அது. பறவை கத்தாது. மேய்ப்பவர்கள் குழலைக் கீழே வைத்துவிடுவார்கள். பெரின் பூட்டைத் திறந்தான். முற்றம் முழுக்கக் களை மண்டிக் கிடந்தது. மண்டபத்தின் கதவைத் தோளால் இடித்துத் தள்ளினான்.

உள்ளே பனிக்காலம்.

வெளியே வெயில் கொளுத்துகிறது, என் வாயிலிருந்து புகை வந்தது. அந்த வாசனைதான், இரும்பும் மெழுகும். தரையில் தூசி கனமாகப் படிந்திருந்தது. கோடியில் மேடை. மேடையில் துரையின் நாற்காலி. உயரத்தில் இருந்த சின்ன ஜன்னலிலிருந்து ஒரு கோடு வெயில் நேராக நாற்காலியின் மேல் விழுந்தது.

அந்த வெயிலில் இரண்டு கைகள் இருந்தன.

உடம்பு இல்லை. முகம் இல்லை. ஒன்றையொன்று பார்த்தபடி லேசாக விரிந்த இரண்டு பெரிய கைகள். நடுவில் எதையோ பொத்திப் பிடித்திருப்பது போல வளைந்திருந்தன. விரலில் சிவப்புக்கல் மோதிரம். அன்று முற்றத்தில் துரையின் விரலில் பார்த்த அதே மோதிரம்.

சிலுவை போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கினேன், பாதியில் நின்றுவிட்டது. பெரின் கதவைப் பிடித்துக்கொண்டு தன் அம்மா மொழியிலும் அப்பன் மொழியிலும் மாற்றி மாற்றி ஜெபம் முனகினான்.

அரேத்தி நடந்தாள். மேடைக்கு முன்னால் நின்றாள். மண்டியிடவில்லை.

"துரையே, நான் ஸ்தமாத்தி பொண்டாட்டி வந்திருக்கேன்."

நாற்காலியின் மரம் முறுகியது. யாரோ முன்னால் சாய்ந்து உட்காருவது போல.

வளைந்திருந்த கைகள் மெல்ல அகன்றன. அவளுக்காகத் திறந்தன.

ஒரு கிசுகிசுப்பு வந்தது. பரங்கி மொழிதான், ஆனால் அன்று முற்றத்தில் கேட்ட அதே கேள்வி என்பது எனக்குப் புரிந்தது. என் ஆளாக இருக்கச் சம்மதமா?

"அதுக்கு நான் வரல" என்றாள் அரேத்தி. "என் புருஷன் கையைக் கேக்க வந்தேன். நீங்க சொன்னதை அவரு செஞ்சாரு. உங்க அண்ணன் மவன் வரல. அது உங்க வீட்டுக் கொறை. எங்க வீட்டுக் கொறை இல்ல."

மறுபடியும் அதே கிசுகிசுப்பு. இந்த முறை பக்கத்தில், என் காதுக்கே பக்கத்தில்.

அரேத்தியின் மார்பிலிருந்த துணி அசைந்தது. உள்ளே இருந்த கைகள் நாற்காலியைப் பார்த்துத் திரும்பின.

"பாத்தியா" என்றாள் அவள். குரல் மாறிவிட்டது. 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. "இன்னும் உன் பக்கம்தான் திரும்புது. அவ்வளவு நல்ல மனுசன்டா என் புருஷன். அவரை வச்சுக்க உனக்குத் தகுதியில்ல. எங்க யாரையும் வச்சுக்க உனக்குத் தகுதியில்ல."

முந்தானையை அவிழ்த்து மண்ணை மேடையில் கொட்டினாள்.

"இந்தா உன் நெலம்."

கொடிக்குச்சியைப் பட்டென்று இரண்டாக உடைத்தாள். அந்தச் சத்தம் மண்டபம் முழுக்க ஓடியது. துண்டுகளை நாற்காலியைப் பார்த்து வீசி எறிந்தாள்.

"இந்தா உன் உறவு. இனி ஸ்தமாத்தி உன் ஆளு இல்ல. நான் உன் ஆளு இல்ல."

எதுவும் நடக்கவில்லை.

குச்சி விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. வெயில் கோடு மட்டும் மங்கியது. அந்தக் கைகள் நாற்காலியை விட்டு முன்னால் வந்தன. மேடை விளிம்பைத் தாண்டின. அரேத்தியின் கைகளுக்கு இரு பக்கமும் வந்து, அவசரமே இல்லாமல் மூடத் தொடங்கின.

"சாட்சி!" என்று பெரின் கதவிலிருந்து மூச்சுத் திணறினான். "சாட்சி சொல்லணும், இல்லேன்னா செல்லாது!"

"நான் சாட்சி!" என்று அலறினேன். "நான் பாத்தேன்! என் காதால கேட்டேன்!"

கைகள் நிற்கவில்லை. அரேத்தியின் விரல்கள் நீலமாகிக்கொண்டிருந்தன. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், ஒரு அடி பின்வாங்கவில்லை.

"உங்க சாட்சி செல்லாதுக்கா. ஒரு பரங்கிதான் சொல்லணும்" என்றான் பெரின்.

"உங்கப்பன் யாருடா?" என்று திரும்பிப் பார்த்துக் கத்தினேன். "ஊரெல்லாம் மார்தட்டிட்டுத் திரிவியே, எங்கப்பன் பரங்கி, எங்கப்பன் பரங்கின்னு! இன்னிக்குச் சொல்லுடா!"

அவன் சாவிக்கொத்தைக் கீழே எறிந்தான். உள்ளே நாலடி எடுத்து வைத்தான். கால்சட்டை நனைந்திருந்தது, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. தன் அப்பன் மொழியில், உடைந்த குரலில் சொன்னான்:

"பாத்தேன். கேட்டேன். இவங்க விடுதலை."

பெருமூச்சு ஒன்று வந்தது. கோபமாகத் தெரியவில்லை எனக்கு. தனியாக விடப்பட்ட ஒருவரின் மூச்சு மாதிரி இருந்தது. வெயில் கோட்டில் வெறும் தூசி பறந்தது.

அரேத்தியின் துணிக்குள் கொட்டைகள் உதிர்வது போலச் சின்னச் சத்தம் கேட்டது. அவள் மண்டபத்துத் தரையிலேயே உட்கார்ந்து துணியைப் பிரித்தாள். எலும்புகள். சுத்தமான, மஞ்சளான, தனித்தனி விரல் எலும்புகள். அவள் அவற்றைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

அன்று மாலை ரசத்தில் கழுவி எலும்பறையில் வைத்தோம். கோதுமையைப் பெரினும் கைநிறைய வாங்கித் தின்றான். பொழுது சாய்ந்தது. ஊரே வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. கோட்டையிலிருந்து சத்தமே இல்லை. அரேத்தி என் தோளில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனாள்.

தோட்டம் போய்விட்டது. அவள் இப்போது மேல்தெருவில் ஒரு அறையில் இருந்துகொண்டு பட்டு நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைக்கிறாள். கஷ்டம்தான். ஒருநாளும் வருத்தப்பட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

போன வாரம் விடிகாலையில் அவள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். "வாசல்ல வந்து பாருங்கக்கா, மிதிச்சிடாதீங்க" என்றாள்.

ராத்திரி தூறல் போட்டிருந்தது. வாசற்படிக்கு முன்னால் ஈர மண்ணில் இரண்டு பள்ளங்கள். ஆழமானவை. மனிதன் மண்டியிட்டால் விழுமே, அந்த மாதிரி. பின்னால், குதிரைக்காரர்கள் குதிகாலில் மாட்டிக்கொள்ளும் முள் கீறிய தடம் இரண்டு. தெருவில் வந்த தடம் இல்லை. போன தடமும் இல்லை. நான் குனிந்தபோது இரும்பும் மெழுகும் மணத்தன.

"என்னடி இது?" என்றேன்.

"துரை கை குடுக்க வந்திருக்காரு" என்றாள் அரேத்தி. "வாங்கிக்க ஆளு தேடறாரு."

விளக்குமாற்றை எடுத்துவந்து பள்ளங்களைக் கூட்டி மூடினாள். மேலே பாத்திரம் கழுவின தண்ணீரைக் கொட்டினாள். கதவைத் தாழ்போடக்கூட இல்லை, உள்ளே போய் நூல் சுற்ற உட்கார்ந்துவிட்டாள்.

தினமும் காலையில் கூட்டுகிறாள். தினமும் காலையில் இருக்கிறது.

இன்று பார்த்தேன். படிக்கு இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் மண்டியிட்டிருக்கிறார்.